சராசரிக்குள் மறையும் சாதி: மருத்துவமனைத் தர அறிக்கைகள் சொல்வதும் சொல்லாததும்

அரசு மருத்துவமனைகள் பலவற்றின் நுழைவாயிலில் இன்று தரச் சான்றிதழ்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. பிரசவ அறையின் தரம் உயர்ந்தது, நோய்த்தொற்று குறைந்தது, வளாகம் தூய்மையானது என அவை அறிவிக்கின்றன. இவற்றை நாம் இகழ்ந்து ஒதுக்கவில்லை. தனியார் மருத்துவமனையின் படியேற வழியில்லாத மக்களுக்கு அரசு மருத்துவமனையின் தரம் உயிர்ப் பிரச்சினை. அதனாலேயே, அந்தச் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருக்கும் அறிக்கைகளை நாம் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘மேம்பட்டது’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ‘யாருக்கு?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மருத்துவத் தர மேம்பாட்டுப் பணிகளை எவ்வாறு எழுதி வெளியிட வேண்டும் என்பதற்குப் பன்னாட்டளவில் ஒரு வழிகாட்டு நெறிமுறை உண்டு. ‘ஸ்குயர்’ என்று அழைக்கப்படும் அது 2008-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது; திருத்திய இரண்டாம் பதிப்பு 2015-இல் வந்தது. நம் நாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் தம் பணியைப் பன்னாட்டு ஆய்விதழ்களுக்கு எழுதி அனுப்பும்போது பெரும்பாலும் இந்த நெறிமுறையையே பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஆய்விதழ்களோடு தொடர்புடைய நுட்பச் செய்தியாக இது தோன்றலாம். ஆனால் எதை எழுத வேண்டும் என்று விதிக்கும் பட்டியல், எதை எழுதாமல் விடலாம் என்பதையும் சேர்த்தே விதிக்கிறது. நம் அக்கறை அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

நெறிமுறை ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு பணி இதற்கு நல்ல சான்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளின் பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் குழாய் வழியாகக் கிருமித்தொற்று ஏற்பட்டுப் பலர் இறந்துவந்தனர். கை கழுவுதல், முழு உறை அணிதல், தோலைக் கிருமிநீக்கம் செய்தல், தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றிவிடுதல் என்ற ஐந்து எளிய செயல்களை நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் கடைப்பிடித்தன. 1000 குழாய்-நாள்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதங்களில் சுழியத்தைத் தொட்டது என 2006-இல் வெளியான ஆய்வு அறிவித்தது. உலகமே அந்த ஐந்து செயல்களின் பட்டியலைப் பற்றிப் பேசியது.

பின்னர் இங்கிலாந்து அதே பணியைத் தன் மருத்துவமனைகளில் செய்துபார்த்தது. அங்கும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் ஏறத்தாழ அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. அப்படியானால் மிச்சிகனில் வேலை செய்தது எது? 2011-இல் சமூகவியலாளர்கள் திரும்பிச் சென்று ஆராய்ந்தபோது, பட்டியல் கதையின் ஒரு பகுதிதான் என்பது தெரிந்தது. மருத்துவமனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டமை, தவற்றைச் சுட்டிக்காட்டும் துணிவைச் செவிலியர்கள் பெற்றமை, எண்களை எல்லோரும் அறியும்படி வைத்தமை ஆகியனவும் சேர்ந்தே அந்த மாற்றத்தை நிகழ்த்தியிருந்தன. முதல் அறிக்கையை மட்டும் படித்தவர்களுக்குப் பட்டியல் கிடைத்தது. அதை வேலை செய்ய வைத்த சூழல் கிடைக்கவில்லை.

ஸ்குயர் நெறிமுறை நிரப்ப முயல்வது இந்த இடைவெளியைத்தான். ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள், அதன் பொருள் என்ன என்ற நான்கு கேள்விகளின் கீழ் 18 கூறுகளை அது அடுக்குகிறது. பணி நடந்த சூழலை விவரிக்கச் சொல்கிறது. இந்தச் செயல் பலன் தரும் என்று நம்பியதற்கான காரணத்தை வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. எதிர்பாராத விளைவுகள், தோல்விகள், விடுபட்ட தரவுகள், செலவு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லச் சொல்கிறது. பணியில் ஈடுபட்ட குழு யார் என்றும் கேட்கிறது. விளம்பரத்தையும் ஆய்வையும் பிரித்துப் பார்க்க விரும்பும் எவருக்கும் இவை பயன்படும் கேள்விகள்.

உத்தரப் பிரதேசம் கற்பித்த பாடம்

நம் நாட்டிலிருந்தே ஒரு நேர்மையான எடுத்துக்காட்டு உண்டு. பாதுகாப்பான பிரசவத்துக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கியது. கர்நாடகத்தின் ஒரு பிரசவ மையத்தில் அது சோதிக்கப்பட்டது. கடைப்பிடிக்க வேண்டிய 29 நடைமுறைகளில் முன்பு சராசரியாகப் 10 மட்டுமே பின்பற்றப்பட்டன. பட்டியல் வந்தபின் அது 25 ஆயிற்று. 2012-இல் வெளியான அந்த முடிவு பெரும் நம்பிக்கையைத் தந்தது.

அடுத்து உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில், 120 மருத்துவ நிலையங்களில், மிகப் பெரிய ஆய்வு நடைபெற்றது. 1,57,000-க்கும் மேற்பட்ட தாய்மாரின், அவர்களுடைய குழந்தைகளின் நிலை பின்தொடரப்பட்டது. பட்டியலோடு பயிற்சியாளர்களும் அனுப்பப்பட்ட நிலையங்களில் நடைமுறைகள் உண்மையிலேயே மேம்பட்டன: இரண்டு மாதங்களுக்குப் பின் அங்கு 72.8 விழுக்காடு, ஒப்பீட்டு நிலையங்களில் 41.7 விழுக்காடு. ஆனால் தாய், சேய் இறப்பையும் தாயின் கடும் உடல்நலக் கேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஒரு புறம் 15.1 விழுக்காடு, மறுபுறம் 15.3 விழுக்காடு. வேறுபாடு இல்லை. 2017-இல் வெளியான அந்த அறிக்கை இதை ஒளிக்கவில்லை.

கர்நாடக எண்ணோடு நின்றிருந்தால் பட்டியலையே தீர்வென்று நம்பியிருப்போம். நடைமுறை மேம்பட்டும் உயிரிழப்பு குறையாதது வேறு கேள்விகளை எழுப்பியது: மருந்து இருந்ததா, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வசதி இருந்ததா, திறமையான கைகள் இருந்தனவா? தோல்வியை எழுதிவைக்கும் ஒழுக்கம் ஏழைகளுக்கே முதலில் பயன்படுகிறது. அந்த அளவில் நெறிமுறைகளை நாம் வரவேற்கிறோம்.

நெறிமுறை நின்றுவிடும் இடம்

மருத்துவத் தரத்துக்கு ஆறு இலக்குகள் உண்டு என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் வகுத்தது. அவற்றுள் ஒன்று சமத்துவம். ஸ்குயர் நெறிமுறையின் முதற்கூறும் ‘மேம்பாடு’ என்பதன் வரையறைக்குள் பாதுகாப்பு, பயன், காலம், செலவு ஆகியவற்றோடு சமத்துவத்தையும் வைக்கிறது. ஆனால் அது கட்டுரையின் தலைப்பைப் பற்றிய கூறு. அளவீடு, பகுப்பாய்வு, முடிவு ஆகியவற்றுக்கான கூறுகளுக்கு வரும்போது, மேம்பாடு எந்த மக்களுக்குச் சென்றது, எந்த மக்களுக்குச் செல்லவில்லை எனப் பிரித்துக் காட்டு என்ற கட்டளை எங்கும் இல்லை. வாசலில் வரவேற்கப்பட்ட சமத்துவம் வீட்டுக்குள் அழைக்கப்படவில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பிரசவ அறைக்கு நூறு பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 20 பேர் பட்டியல் சாதியினர், 80 பேர் பிறர். பிறந்த உடனே குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் நடைமுறை முன்பு இரு தரப்பிலும் பாதிப் பேருக்குக் கிடைத்தது, மொத்தம் 50. மேம்பாட்டுப் பணிக்குப் பின் பிறரில் 64 பேருக்குக் கிடைக்கிறது. பட்டியல் சாதியினரில் அதே 10 பேருக்குத்தான் கிடைக்கிறது. மொத்தம் 74. அறிக்கை என்ன எழுதும்? ‘50 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடாக உயர்ந்தது’ என்று எழுதும். அதில் பொய் ஏதும் இல்லை. நெறிமுறையின் 18 கூறுகளையும் நிறைவு செய்த அறிக்கையாகவும் அது இருக்கலாம். ஆனால் முன்பு இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வு அந்த அறைக்குள் புதிதாகப் பிறந்திருக்கிறது. அதைப் பதிவு செய்ய ஒரு வரிகூட இல்லை.

கணக்கு கற்பனை, அதன் அடித்தளம் கற்பனை அன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போர் பட்டியல் சாதியினரிடையே ஏறத்தாழ 41, பழங்குடியினரிடையே 42. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளில் அடங்காதவரிடையே 28. பதினொரு மாநிலங்களின் 565 சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2006-இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு ஊர்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. ஊரில் வாசலோடு நின்றுவிடும் பழக்கம் மருத்துவமனைக் கட்டிலருகே தானாக மறைந்துவிடும் என நம்பச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தர வேண்டிய இடம் இத்தகைய அறிக்கைகளே.

தமிழ்நாட்டில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. அதே தேசிய ஆய்வின்படி இங்கு 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. மருத்துவமனைக்குள் நுழைவதற்கான போராட்டத்தில் நாம் பெரிதும் வென்றுவிட்டோம். எனவே எஞ்சியிருக்கும் ஏற்றத்தாழ்வு இனி மருத்துவமனையின் உள்ளேதான் இருக்கும்: எவ்வளவு நேரம் காக்க வைக்கப்பட்டார், எந்தச் சொல்லால் அழைக்கப்பட்டார், வலி என்றபோது நம்பப்பட்டாரா, தொட்டுப் பரிசோதிக்கப்பட்டாரா என்பவற்றில்.

நம் நாட்டுத் தரநிலைகள்

இந்தியாவின் தேசியத் தர உறுதிப்பாட்டுத் தரநிலைகள் ஒரு வகையில் பன்னாட்டு நெறிமுறையைவிட முன்னே நிற்கின்றன. நோயாளியின் உரிமைகள் என்ற பகுதியில், உடல், பொருளாதார, பண்பாட்டு, சமூகக் காரணங்களால் சேவைக்குத் தடை இருக்கலாகாது என்று அவை கூறுகின்றன. 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறையில் மரியாதையான பராமரிப்பை வலியுறுத்துகிறது. எழுத்தில் இருக்கும் இந்த உரிமைகளை நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அளவிடும் முறையில் இருக்கிறது. லக்‌ஷ்யாவின் இலக்குகளில் ஒன்று, பயனாளிகளில் குறைந்தது 80 விழுக்காட்டினர் மனநிறைவு பெற வேண்டும் என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. ஒரு மருத்துவமனைக்கு வருவோரில் அவர்களின் பங்கு அதே அளவானது என்று கொண்டால், அவர்களில் ஒருவர்கூட மனநிறைவு பெறாவிட்டாலும் அந்த இலக்கை எட்டிவிட முடியும். யாரும் வேண்டுமென்று இப்படி வகுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்காத எந்த இலக்கும் இதற்கு இடம் கொடுத்துவிடும் என்கிறோம்.

குழுப்படத்தில் இல்லாதவர்கள்

மேம்பாட்டை அடைவோரைப் போலவே அதை உருவாக்குவோரும் அறிக்கைகளில் மறைகிறார்கள். 2015-இல் தொடங்கிய ‘காயகல்ப்’ திட்டம் தூய்மைக்காகவும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்காகவும் மருத்துவமனைகளுக்கு விருது தருகிறது. அந்தத் தூய்மையைத் தம் கைகளால் உண்டாக்குவோர் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பலர் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர்கள். இரத்தம் தோய்ந்த துணியையும் ஊசியையும் நச்சுக்கொடியையும் கையாள்வது அவர்களே.

பணியில் ஈடுபட்ட குழுவை விவரி என்று ஸ்குயர் கேட்கிறது. செலவையும் எதிர்பாராத விளைவையும் கேட்கிறது. இக்கேள்விகளை உண்மையாக எடுத்துக்கொண்டால் ஓர் அறிக்கை சொல்ல வேண்டியவை பல உண்டு. தொற்று குறைந்த அந்த ஆறு மாதங்களில் துப்புரவுப் பணியாளர்களின் வேலைநேரம் கூடியதா? ஆள் கூட்டப்பட்டதா? ஊதியம் கூடியதா? 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு மஞ்சள் காமாலை-பி தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம் என்கின்றன. அவை நிறைவேறினவா? மருத்துவரும் செவிலியரும் பெயரோடு இடம்பெறும் குழுவில் பெருக்கியவருக்கு இடம் இல்லையென்றால், அந்த அறிக்கை தன் காரணத்தையே தவறாக எழுதியிருக்கிறது என்று பொருள். மிச்சிகன் கற்பித்த பாடமும் இதுவே: வேலை செய்தது எது என்பதை மறைத்தால் அடுத்த ஊரில் அது வேலை செய்யாது.

சாதியைப் பதிவது தீங்காகாதா?

நம் கோரிக்கைக்கு எதிராக மூன்று வாதங்கள் வரும். மூன்றும் மதிப்புக்குரியவை.

முதலாவது, மருத்துவருக்குச் சாதி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்பது. அப்படியிருந்தால் பிரித்துப் பார்க்கும் எண்களும் அதையே காட்டும், அஞ்சத் தேவையில்லை. எண்ணவே கூடாது என்ற வாதத்தை நம் இயக்கம் முன்பே சந்தித்திருக்கிறது. வாக்குரிமை குறித்து 1932-இல் லோதியன் குழு விசாரித்தபோது, சில மாகாணங்களில் தீண்டப்படாதோர் மிகச் சிலரே என்று வாதிடப்பட்டது. குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினார். எண்ணிக்கையில் மறைபவர் உரிமையிலும் மறைவார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது வாதம் கடினமானது. சாதியைக் கேட்டுப் பதிந்தால் அதுவே பாகுபாட்டுக்குக் கருவியாகிவிடாதா? இந்த அச்சம் நமக்கும் உண்டு. கட்டிலில் தொங்கும் சிகிச்சைத் தாளில் சாதி எழுதப்படுவதை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது. ஆனால் இத்தகவல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. 2005 முதல் நடைபெறும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரோடு பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கே நிதியுதவி உண்டு. பணம் தரச் சாதியைக் கேட்கும் அரசு, பராமரிப்பின் தரத்தை அளக்கும்போது மட்டும் அதைக் கேட்கத் தயங்குவது ஏன்? சிகிச்சை தருவோரின் கையில் இத்தகவல் இருக்க வேண்டியதில்லை. பிரசவ அறைக்கு வெளியே இருக்கும் ஓர் அலுவலர், பெயர்கள் நீக்கப்பட்ட பதிவுகளை மாதந்தோறும் ஒப்பிட்டால் போதும். விவரம் சொல்ல விரும்பாதவருக்கு மறுக்கும் உரிமையும் வேண்டும்.

மூன்றாவது வாதம், ஒரு சிறு மருத்துவமனையில் எண்ணிக்கை குறைவு, முடிவுக்கு வர இயலாது என்பது. உண்மை. அதனால் மாவட்ட அளவில், ஓராண்டுக் கால அளவில் தொகுக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கை, தொகுக்கும் முறையை மாற்றச் சொல்லும் காரணமே ஒழிய, பார்க்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது.

எதைக் கோருகிறோம்?

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மருத்துவச் சோதனைகளை எழுதும் ‘கன்சார்ட்’ நெறிமுறைக்கு 2017-இல் சமத்துவத்துக்கெனத் தனி விரிவு வந்தது. வாழிடம், இனம், தொழில், பாலினம், மதம், கல்வி, பொருளாதார நிலை, சமூகத் தொடர்பு என்ற அடிப்படைகளில் பிரித்துப் பார்க்கும் ஒரு சட்டகமும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதன் தலைப்புகளிலும் சாதி தனியே இல்லை. இனம் என்பதற்குள் அடக்கிக்கொள்ளலாம் என்று சொல்லப்படலாம். ஆனால் பெயரிட்டுக் கேட்காத எதையும் நம் நாட்டு நிறுவனங்கள் தாமாக முன்வந்து எழுதியதில்லை.

நெறிமுறை வந்துவிட்டாலே அறிக்கைகள் மாறிவிடும் என்ற மயக்கமும் நமக்கு வேண்டாம். முதல் ஸ்குயர் பதிப்புக்கு முன்னும் பின்னும் வெளியான கட்டுரைகளை ஒப்பிட்டு 2015-இல் வந்த ஆய்வு, எழுத்தின் தரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் காணவில்லை. தாளில் இருக்கும் விதி, கேட்பவர் இருந்தால்தான் உயிர்பெறும்.

எனவே கேட்பவர்களாக நாம் மாற வேண்டும். மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்கள் தர மேம்பாட்டுப் பணிகளில் பங்கேற்கிறார்கள், அவற்றை எழுதுகிறார்கள். சூழல் என்ற கூறின் கீழ் அந்த மருத்துவமனைக்கு வரும் மக்களின் சமூக நிலையை எழுதுங்கள். முடிவுகளை ஒரு சராசரியோடு நிறுத்தாதீர்கள்; பிரித்துப் பார்க்க இயலவில்லை என்றால், இயலாமைக்கான காரணத்தை விடுபட்ட தரவுகளின் கீழ் எழுதுங்கள். குழுவின் பட்டியலில் துப்புரவுப் பணியாளரைச் சேருங்கள். களத்தில் இருக்கும் தோழர்கள் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தங்கள் மாவட்ட மருத்துவமனையின் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். அதில் நோயாளி உரிமைகளுக்கு எத்தனை மதிப்பெண் தரப்பட்டது, எதைப் பார்த்துத் தரப்பட்டது, மனநிறைவுக் கணக்கெடுப்பில் யாரிடம் கேட்கப்பட்டது என்று வினவலாம்.

பம்பாய் சட்டமன்றத்தில் 1928-இல் மகப்பேற்று நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், உழைக்கும் தாய்க்குப் பேறுகால ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கே உரியது என்றும் அதன் சுமையில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்றும் வாதிட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் தாய்மார் மருத்துவமனையை அடைந்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவர்கள் பெயரால் எழுதப்படும் அறிக்கையில் இருக்க வேண்டும். நூறு பேரில் எழுபத்து நால்வர் நலம் பெற்றனர் என்று வாசிக்கும்போது, எஞ்சிய இருபத்தாறு பேர் யார் என்று கேட்கும் பொறுப்பு நம்முடையது.